அடுப்புக்கும் உண்டு பாடு

(பழவேற்காட்டில், வெளிநாட்டுப் படிப்புக்குப் புறப்படும் மாணவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் ‘வெளிநாட்டுப் படிப்பு: வாய்ப்புகளும் சவால்களும்’ என்று போட்டிருக்கிறார்கள். வாய்ப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு அடுத்து ஒருவர் வருகிறார். விசா, வங்கிக் கடன், உதவித்தொகை, ஆங்கிலத் தேர்வு எல்லாம் அவர் பொறுப்பு. நான் சோற்றைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். முன்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். போன முதல் மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு பிரெட்டும் ஜாமும் தின்றுவிட்டு அம்மாவுக்கு போன் போட்டு, “நல்லா சாப்பிட்டேம்மா” என்று நீங்கள் சொல்லப்போகும் பொய்யைப் பற்றித்தான் நான் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறேன்.

வேறு ஊர் போய்ச் சமைத்துத் தின்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இங்கே பிழைக்க வந்தவர்களே அதைச் செய்திருக்கிறார்கள். 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். அதற்குப் பிறகுதான் நாகப்பட்டினம். துணி வாங்கி விற்க வந்த வாலிபப் பையன்கள் அவர்கள். அவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பவே இல்லை. வாசலில் கல் எலும்புக்கூடு நிற்கிறதே, அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். இந்த வெயிலில், இந்த மீனையும் அரிசியையும் எப்படிச் சமைத்துத் தின்றார்கள் என்று அந்தக் கல்வெட்டுகளில் ஒரு வரியும் இல்லை. பட்டமும் பதவியும் செத்த தேதியும் அழகாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய மனிதர்களின் வரலாறே அப்படித்தான். அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப்பார்க்காது.

நல்லவேளையாக, நம்மவர் இரண்டு பேரின் அடுப்பு மட்டும் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. இருவரும் இங்கிலாந்தில் இருந்தவர்கள். இருவரும் மரக்கறி உண்பவர்கள். மீன் தின்னும் பிள்ளைகளிடம் இவர்கள் கதையை ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது.

முதல் ஆள் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையிலிருந்து ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டனில் இறங்கினார். கேம்பிரிட்ஜில் நெவில் என்ற கணித ஆசிரியரின் வீட்டில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு, டிரினிடி கல்லூரி அறைக்குப் போனார். கல்லூரியில் பெரிய சாப்பாட்டுக்கூடம் உண்டு. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். அங்கேதான் நட்பும் பேச்சும் வம்பும் எல்லாம். ராமானுஜன் அந்தக் கூடத்தை ஒதுக்கிவிட்டார். உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்களோ என்ற சந்தேகம் அவருக்கு. ஆகவே அறையிலேயே எரிவாயு அடுப்பு. அதில் தானே சமையல். ஊரிலிருந்து பொட்டலங்கள் வரும். ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டதும் கப்பல் போக்குவரத்து தாறுமாறாயிற்று. காய்கறிக்கும் தட்டுப்பாடு. முப்பது மணி நேரம் விடாமல் கணக்குப் போடுவார், பிறகு இருபது மணி நேரம் தூங்குவார். அப்படி வாழ்கிறவருக்குக் காலைச் சாப்பாடு எது, ராச்சாப்பாடு எது?

அந்த அறையில் நடந்த ஒரு காட்சியை மகாலனோபிஸ் பதிவு செய்து வைத்திருக்கிறார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உண்டாக்கிய அதே மகாலனோபிஸ்தான். அப்போது அவர் கிங்ஸ் கல்லூரி மாணவர். 1914 டிசம்பர் ‘ஸ்டிராண்ட்’ பத்திரிகையில் ஒரு புதிர் வந்திருந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் மேசையில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து விடையைக் கண்டுபிடித்துவிட்டார்: மொத்தம் 288 வீடு, அதில் 204-ஆம் எண். அடுப்பருகே வாணலியில் காயைக் கிளறிக்கொண்டிருந்தவரிடம் புதிரைப் படித்துக் காட்டினார். கரண்டி நிற்கவில்லை. “எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி, ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார் ராமானுஜன். அதில் இந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படி எத்தனை தெரு உண்டோ அத்தனைக்கும் விடை இருந்தது.

பாடப்புத்தகத்தில் இந்தக் கதையைக் கணக்குக்காகச் சொல்வார்கள். நான் வாணலிக்காகச் சொல்கிறேன். கணக்கு வந்த அந்த நேரத்தில் அறையில் இன்னொரு ஆள் இருந்தார், சமையல் நடந்துகொண்டிருந்தது, பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நெடுந்தூரம் நடக்கப் போவதும் உண்டு. நண்பர்களோடு லண்டனுக்குப் போய் ‘சார்லிஸ் ஆன்ட்’ என்ற நகைச்சுவை நாடகம் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார். நம் மனத்தில் இருக்கும் ராமானுஜன் படத்தில் இந்தச் சிரிப்பு இல்லை. இருக்க வேண்டும்.

ஆனால் போகப் போக அந்த அறையின் கதவு சாத்திக்கொண்டது. இன்னொரு சம்பவம். சாட்டர்ஜி என்ற மாணவ நண்பருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவரையும் மணப்பெண்ணையும் ராமானுஜன் விருந்துக்கு அழைத்தார். தானே ரசம் வைத்தார். எல்லோரும் குடித்தார்கள். இன்னொரு முறை ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாம் முறை கேட்டபோது விருந்துக்கு வந்திருந்த பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணோம். திரும்பி வரவும் இல்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லி. தன் ரசத்தை வேண்டாம் என்றது மனத்தைத் தைத்துவிட்டது, கிளம்பிப் போய்விட்டார்.

நம் வீட்டு அம்மாக்களுக்கு இது புரியும். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ” என்று சொல்லும்போது தட்டை மூடினால் அவர்கள் முகம் எப்படிப் போகும்! ஆனால் அம்மாவுக்குச் சுற்றிலும் ஆள் இருக்கிறது, அரை மணியில் அது மறந்துபோகும். தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று, என்றைக்கோ ஒருநாள் நாலு பேரைக் கூப்பிட்டவனுக்கு அந்த ஒரு கிண்ண ரசத்தில் முழு மரியாதையும் மிதக்கிறது.

1917-இல் அவர் படுத்தார். காசநோய் என்றார்கள். மேட்லாக் மருத்துவமனையில் இருந்தபோது, 1918 ஜூனில், ஏ.எஸ். ராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் போய் மூன்று நாள் கூடவே தங்கினார். இங்கிலாந்தில் சர்க்கரை, வெண்ணெய், இறைச்சி எல்லாம் ரேஷனில் இருந்த வருடம் அது. நோயாளிக்கு வாய்க்குப் பிடித்த சோறு கிடைக்கவில்லை என்ற கவலையில் ராமலிங்கம், ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணித அறிஞர் ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். மரக்கறிச் சாப்பாடுதான் ராமானுஜனைக் கொன்றது என்று இன்றும் சிலர் மேடையில் பேசுகிறார்கள். நோய் காசநோய்தானா என்பதே கேள்வியாக இருக்கிறது. கல்லீரலில் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று 1994-இல் டி.ஏ.பி. யங் என்ற ஆய்வாளர் எழுதினார். ஆகவே சாப்பாட்டின் மேல் பழி போட எனக்கு மனமில்லை. அவர் என்ன தின்றார் என்பதைவிட, யாரோடு உட்கார்ந்து தின்றார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

இரண்டாவது ஆள் காந்தி. 1888-இல் பதினெட்டு வயதுப் பையனாகச் சட்டம் படிக்க லண்டன் போனார். அம்மாவுக்குச் செய்துகொடுத்த சத்தியம் இருந்தது. தங்கிய வீடுகளில் உப்பும் உறைப்பும் இல்லாமல் வேகவைத்த கீரையும் பிரெட்டும் போட்டார்கள். கூச்சம் வேறு, இன்னொரு துண்டு கேட்க நா எழவில்லை. நாள் முழுக்கப் பசி. கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. லண்டனில் வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்று ‘சத்திய சோதனை’யில் சொல்கிறார்.

பிறகு செலவைக் குறைக்க ஒற்றை அறைக்கு மாறினார், ஒரு அடுப்பு வாங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும் தானே செய்வார், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மத்தியானம் வெளியே. ராத்திரி பிரெட்டும் கொக்கோவும். ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் காலம் ஓடியது. வண்டிக்காசு மிச்சம் பிடிக்க நடந்தே போனார். விடுமுறைக்கு பிரைட்டன் கடற்கரை போய் அங்கேயும் தானே சமைத்துக்கொண்டார். 

அவருக்கு நாராயண் ஹேமசந்திரர் என்று ஒரு குஜராத்தி நண்பர் கிடைத்தார். விசித்திரமான மனிதர். சரியாக ஆங்கிலம் வராது, உடுப்பைப் பற்றிக் கவலையில்லை, ஆனால் ஊர் ஊராகப் போக வேண்டும், மொழி மொழியாகக் கற்க வேண்டும் என்று ஆசை. காந்தி கேரட் சூப் வைப்பார், ஆங்கிலேயர் பாணியில். ஹேமசந்திரருக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ஒருநாள் எங்கோ தேடிப் பிடித்துப் பாசிப்பயறு வாங்கிச் சமைத்து, காந்தியின் அறைக்கே எடுத்து வந்தார். காந்தி ஆசையாகச் சாப்பிட்டார். அதிலிருந்து இவர் சமைத்ததை அவருக்கும், அவர் சமைத்ததை இவருக்கும் கொண்டுபோவது வழக்கமாயிற்று.

இந்தப் பாசிப்பயற்றைத்தான் நான் உங்களிடம் ஒப்படைக்க வந்தேன். ராமானுஜன் பெரிய மேதை, காந்தி பெரிய தலைவர், அதெல்லாம் இருக்கட்டும். வெளிநாட்டு மாணவன் என்ற அளவில் வைத்துப் பார்த்தால், ஒருவருக்குச் சமையல் தனிக்காவலாகிவிட்டது, இன்னொருவருக்குக் கொடுக்கல் வாங்கலாகிவிட்டது.

கொடுக்கல் வாங்கலை உங்களுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாடு வைத்துத் தொழில் செய்கிற ஏரி இது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள், நான் தப்பாகச் சொன்னால் திருத்துவார்கள். இறால் ஓடுகிற நல்ல இடம் ஏரியில் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே ராத்திரியில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிச்சம். அதனால் தலைக்கட்டுக் கணக்குப் பார்த்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு, அடுத்த முறை அவருக்கு என்று ஊர் முறை வைத்தது. அதுதான் பாடு. நல்ல இடம் இன்றைக்குக் கிடைத்தவருக்கு நாளைக்குச் சுமாரான இடம். யாருக்கும் எப்போதும் ராஜயோகமும் இல்லை, எப்போதும் தரித்திரமும் இல்லை. அரசாங்கம் எழுதிக்கொடுத்த சட்டம் அல்ல இது. ஊர் பேசி, ஊர் காப்பாற்றி வருகிற ஏற்பாடு.

வெளிநாட்டில் நாலு மாணவர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தால் அங்கேயும் ஒரே அடுப்பு, ஒரே தொட்டி, குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. முதல் வாரம் பாசமாக இருக்கும். இரண்டாவது வாரம் ஒருவன் மட்டும் சமைக்கிறான், மூன்று பேர் ‘சூப்பர் மச்சான்’ சொல்கிறார்கள். மூன்றாவது வாரம் கழுவாத குக்கர் தொட்டியில் ஊறிக்கிடக்கிறது. ஒரு மாதம் போனால் என் முட்டையை எடுத்தது யார் என்று சீட்டு ஒட்டியிருக்கும். அவ்வளவும் நல்ல பிள்ளைகள். முறை இல்லை, அவ்வளவுதான்.

அந்த அடுப்புக்குப் பாடு வையுங்கள். திங்கள் இவன், செவ்வாய் அவள். சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது. சமைக்கத் தெரியாதவன் சாமான் வாங்கி வரட்டும், வெங்காயம் உரிக்கட்டும், ஆனால் முறையிலிருந்து தப்பக் கூடாது. மூன்று மாதத்தில் அவனும் சாம்பார் வைப்பான். பரீட்சை வாரத்தில் முறையை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் கடனைத் திருப்பிக்கொடுங்கள். வரவு செலவை வாரம் ஒருமுறை தீர்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் காசைவிட மனக்கசப்புதான் அதிகம் சேரும்.

பாடு முறையைப் பற்றிப் புகழ்ந்து மட்டும் பேசிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் இல்லை. உள்ளே இருப்பவருக்கு அது நியாயம். வெளியே நிற்பவருக்கு அது மூடிய கதவு. பாடு முறையில் பெயர் இல்லாதவர்கள் இதே ஏரிக்கரையில் இருக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலைப் பல்லில் கவ்விய பறியில் போடுவதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறீர்கள். வெளிநாட்டு அடுப்பிலும் அப்படி ஒருவர் வெளியே நிற்பார். தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்துகொண்டு கருவாடு வறுத்தால், நான்காவது அறையில் இருக்கும் வங்காளதேசத்துப் பையனோ கொலம்பியாப் பெண்ணோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்களையும் முறைக்குள் கொண்டுவாருங்கள். வங்காளியைச் சேர்த்தால் மீனை எப்படி வெட்டுவது என்று சண்டை வரும். அது நல்ல சண்டை.

கருவாடு என்றதும் சில அம்மாக்கள் நிமிர்கிறார்கள். கொண்டு போகலாமா? இதில் வேடிக்கை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர் இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் பையில் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆசையாக உருக்கிக் கொடுத்த நெய் விமான நிலையத்தில் குப்பைக்குப் போகும். ஆனால் சொந்த உபயோகத்துக்குச் சுத்தம் செய்த மீனோ உலர்ந்த மீனோ 20 கிலோ வரை விடுகிறார்கள். நெத்திலிக் கருவாடு ராஜா மாதிரி உள்ளே போகலாம்! ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே எந்தச் சாப்பாட்டுச் சாமானையும் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம் பழுத்துவிடும். விதி அடிக்கடி மாறும், புறப்படும் முன் அந்த நாட்டு அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தை வைக்காதீர்கள். காயவைத்துப் பொடித்துக் கொடுங்கள். குழம்புத் தூளை வீட்டில் அரைத்ததாகவே கொடுங்கள், ஆனால் அதன் மேல் இன்னதென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பெயர் இல்லாத சிவப்புப் பொடியைப் பார்த்தால் எந்த நாட்டு அதிகாரிக்கும் கை துறுதுறுக்கும்.

கொண்டு போன கருவாட்டை எங்கே வறுப்பது என்பது அடுத்த கேள்வி. மாணவர் விடுதிகளில் கூரைக்குக் கூரை புகை மணி இருக்கிறது. அது கருவாட்டுக்கும் தீவிபத்துக்கும் வித்தியாசம் பார்க்காது. குளிரில், ராத்திரியில், போர்வையோடு முந்நூறு பேர் வாசலில் நிற்க, தீயணைப்பு வண்டி வர, நடுவில் நீங்கள் கரண்டியோடு நிற்க வேண்டியிருக்கும். வறுக்க வேண்டாம். வெந்நீரில் ஊறவைத்து, கத்தரிக்காயும் மாங்காய் வற்றலும் போட்டு, மூடி போட்ட சட்டியில் குழம்பாக வையுங்கள். வாசனை பாதிதான் வெளியே போகும். மீதிப் பாதிக்குப் பக்கத்து அறைக்காரருக்கு ஒரு கிண்ணம் கொடுத்துச் சரிக்கட்டலாம்.

இறாலுக்கு வருகிறேன். நீங்கள் இறால் ஊரின் பிள்ளைகள், அதனால் அங்கே போனதும் இறாலில்தான் ஏமாறுவீர்கள். பெரிய கடையில் இளஞ்சிவப்பாக, சுருண்டு, ஓடு உரித்து, தலை கிள்ளி, பார்க்க அழகாக இருக்கும். அது ஏற்கெனவே வேகவைத்தது. அதைத் தொக்கில் போட்டு இன்னொரு முறை வேகவைத்தால் ரப்பர் செருப்பை மெல்லலாம். சாம்பல் நிறத்தில், பச்சையாக, முடிந்தால் தலையோடு உறைய வைத்தது கிடைக்கும். சீனர் கடையிலும் ஈழத்தமிழர் கடையிலும் தேடுங்கள். தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். கொஞ்சம் எண்ணெயில் அவை சிவக்கும்வரை வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, கரண்டியால் நசுக்கி வடிகட்டுங்கள். அந்த ஆரஞ்சு நிறத் தண்ணீரில் தொக்கு வைத்தால்தான் நாக்கு வீட்டு வாசற்படி ஏறும். இன்னொன்று, பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்தியா என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஆந்திரக் குளத்து வனாமி இறாலாகத்தான் இருக்கும். இந்தியாவின் உறைந்த இறாலை அதிகம் வாங்குகிற நாடு அமெரிக்கா. நம் ஏரிக்கு வடக்கே, நெல்லூர்ப் பக்கத்துக் குளத்தில் வளர்ந்த இறால் உங்களுக்கு முன்னாலேயே விசா வாங்கிப் போய்க் கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்.

மீனில் சால்மனைக் கண்டு மயங்க வேண்டாம். விலையும் அதிகம், குழம்பில் எண்ணெய் விட்டுத் தொளதொளவென்று ஆகிவிடும். மேக்கரல் வாங்குங்கள். நம் கானாங்கெளுத்தியின் உறவுக்காரன், மலிவு, புளியைத் தாங்கும் மீன். லண்டன் ஈஸ்ட்ஹாமிலும், பாரிஸ் லாசப்பலிலும், டொரன்டோ ஸ்கார்பரோவிலும் தமிழர் கடை இருக்கிறது. முருங்கைக்காய் முதல் கருவாடு வரை உண்டு. ஆனால் எல்லா ஊரும் லண்டன் அல்ல. சின்ன ஊரில் தாய்லாந்துக் கடைப் புளிக்கட்டியும் டப்பாத் தேங்காய்ப்பாலும்தான் துணை. மறுநாள் குழம்புக்கு ருசி கூடும் என்ற உண்மை மட்டும் எந்த நாட்டிலும் மாறவில்லை.

இனி ஊர் சுற்றுவது. பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். படகை அடகு வைத்து, நகையை வைத்து, வங்கியில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பார்த்தால் பிள்ளை நாலு பேரோடு பனியில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ‘நாம இங்க வட்டி கட்டுறோம், இவன் அங்க டூர் போறான்’ என்று வயிறு எரியும். எரியத்தான் செய்யும். ஆனால் ஒன்றை யோசியுங்கள். வாரம் முழுக்கப் படித்து, மாலையில் உணவகத்தில் தட்டுக் கழுவி, ஒருநாள் ரயிலேறிப் போய்வருகிறவன் திங்கட்கிழமை வகுப்புக்குப் போவான். அறையிலேயே கிடக்கிறவனை நினைத்துத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் பாதிச் செலவு, கட்டுச்சோறு கட்டினால் மீதியில் பாதிச் செலவு. புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். அடைத்த ரயில் பெட்டியில் மீன் டப்பாவைத் திறந்து ஊர் மானத்தை வாங்காதீர்கள்.

கோபுரத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் மீன்பிடித் துறைமுகம் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். ஹாலந்தில் படிக்கிறவர்கள் ஜூன் மாதம் ஸ்கெவெனிங்கன் போங்கள். அந்த வருடத்துப் புதிய ஹெரிங் மீன் கரைக்கு வருவதைத் திருவிழாவாகவே கொண்டாடுவார்கள். செவுளையும் குடலில் ஒரு பகுதியையும் மட்டும் எடுத்துவிட்டு, கணையத்தை உள்ளேயே விட்டு உப்பிடுவார்கள். அந்தக் கணையநீர்தான் சதையைப் பதப்படுத்தி மிருதுவாக்குகிறது. அடுப்பே கிடையாது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தைத் தூவி, வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணாந்து வாயில் இறக்குகிறார்கள். உங்கள் ஊர்க் கோட்டையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான். பச்சையாகவா என்று முகம் சுளிக்காமல் ஒரு வாய் தின்று பாருங்கள். எனக்குப் பிடித்தது. ஒரு பச்சை மிளகாய் இருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

நார்வேயில் படிக்கிறவர்கள் லோஃபோடன் தீவுகளுக்குப் போங்கள், பிப்ரவரியிலிருந்து மே மாதத்துக்குள். வீட்டைவிட உயரமான மரச்சட்டங்களில் காட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். உப்பு ஒரு கல் போடுவதில்லை. நம் கருவாட்டுக்கு உப்பு இல்லாவிட்டால் மறுநாளே புழுத்துவிடும், ஏனென்றால் நம் வெயில் காயவைப்பதற்கு முன்னால் கெடவைத்துவிடும். அங்கே குளிர் உறைநிலையை ஒட்டி நிற்கிறது, ஈ இல்லை, கெடுக்கும் கிருமிக்கும் வேகமில்லை, காற்று மட்டும் ஓயாமல் அடிக்கிறது. உப்பு செய்கிற வேலையைக் குளிர் செய்கிறது. வெட்டிய தலைகளைத் தனியாகக் கோத்துக் காயவைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். மீன் தலையின் அருமை தெரிந்த நாடு உலகத்தில் நாம் மட்டும் இல்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த வடக்குக்கு நமக்கு முன்னாலேயே தமிழர் போயிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக் குருநகர், அதுவும் மீனவர் ஊர்தான். அங்கிருந்து அந்தோனி இராஜேந்திரம் என்பவர் 1956-இல் நார்வே போய்ச் சேர்ந்தார். மீன்பிடித் தொழில்நுட்பம் கற்றார். நார்வே நண்பர்களின் உதவியைத் திரட்டி, ஊரில் ‘சீ-நோர்’ என்ற நிறுவனத்தை உண்டாக்கினார். படகு கட்டினார்கள், வலை பின்னினார்கள். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் இளைஞர்கள் நார்வேயின் உறைவிட மக்கள் பள்ளிகளுக்கு மாணவர்களாகப் போனார்கள். ஊரில் போர் மூண்ட பிறகு பலர் ஃபின்மார்க் என்ற வடகோடிக்குப் போய், மீன் தொழிற்சாலைகளில் காட் மீனைச் சீவும் வேலையில் நின்றார்கள். குளிர்காலத்தில் சூரியனே எழாத ஊர்கள் அவை. மேசையில் சோற்றுக்குப் பதில் உருளைக்கிழங்கு. ஒருவர் பின்னால் ஒருவராகப் போய், ஒரே வீட்டில் கூடித் தங்கி, கூடிச் சமைத்துத்தான் அந்தக் குளிரில் நிலைத்தார்கள். இன்று நார்வேயில் ஒரு தமிழ்ச் சமூகமே இருக்கிறது என்றால், அது குருநகரிலிருந்து போன ஒரு மாணவரில் தொடங்கியது.

கடைசியாக ஆண்பிள்ளைகளுக்கு. ‘எனக்குச் சமைக்கத் தெரியாது’ என்பதை இங்கே சிலர் பெருமையாகச் சொல்கிறீர்கள். விசைப்படகில் தங்கலுக்குப் போகிற உங்கள் சித்தப்பாவையோ மாமாவையோ கேளுங்கள். அலையில் ஆடுகிற படகில், ஸ்டவ்வைக் கட்டிவைத்து, பத்துப் பேருக்குக் குழம்பு வைப்பது யார்? அங்கே எந்த அம்மாவும் கூடப் போவதில்லை. கடலில் தெரிகிற சமையல் கரைக்கு வந்ததும் மறந்துபோவது என்ன மாயமோ! செப்டம்பரில் புறப்படுகிறவர்கள் நாளையிலிருந்து வீட்டில் ஒரு வேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளுங்கள். அம்மா பக்கத்தில் உட்காரட்டும், கையை மட்டும் கட்டிக்கொள்ளட்டும். உப்புக் கூடினால் வீட்டில் எல்லோரும் அதைத் தின்றே தீர வேண்டும் என்பது என் நிபந்தனை. அப்போதுதான் மறுநாள் உப்பைப் பார்த்துப் போடுவீர்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். அடுத்துப் பேசுகிறவர் உதவித்தொகை விவரங்களோடு காத்திருக்கிறார், பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடன், விசா, கட்டணம் பற்றிய கேள்விகளை அவரிடம் கேளுங்கள். குழம்பு சம்பந்தமாக மட்டும் என்னிடம் வாருங்கள், சாப்பாட்டுப் பந்தலில்தான் இருப்பேன்.